பட்டா, ஈ.சி. ரெண்டும் கிளியர் என்கிறார் புரோக்கர்: பழைய வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பழங்காநத்தம்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் பழங்காநத்தம் பக்கம் ஒரு பழைய வீடு விலைக்கு வந்திருக்கிறது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது, கிணற்றில் தண்ணீரும் உண்டு. வீட்டுக்காரிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. விலை 62 லட்சத்துக்கு வந்து நிற்கிறது. புரோக்கர் தினமும் போன் செய்கிறார். "பட்டா கிளியர், ஈ.சி. கிளியர், ரெண்டு லட்சம் அட்வான்ஸ் போட்டு வைங்க, வேற பார்ட்டி ரெடியா இருக்கு" என்கிறார்.

கையில் இருக்கும் ஜெராக்ஸ்களை நானே உட்கார்ந்து படித்தேன். வீடு வந்த வழி இதுதான். இப்போது விற்பவரின் தாத்தா மில்லில் வேலை பார்த்தவர். 1968-ல் கிரையம் வாங்கியிருக்கிறார். 1994-ல் காலமானார், உயில் எதுவும் இல்லை. பாட்டி 2001-ல் காலமானார். 2003-ல் மகன்கள் இருவரும் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்திருக்கிறார்கள். அதில் இந்த வீடு மூத்தவருக்கு, வேறொரு காலி மனை இளையவருக்கு. மூத்தவர் 2016-ல் தவறிவிட்டார். வாரிசுச் சான்றில் அவர் மனைவி, ஒரு மகன் (இவர்தான் இப்போது விற்பவர்), ஒரு மகள் என்று மூன்று பேர். மகள் சிங்கப்பூரில் இருக்கிறார். பட்டா மூத்தவர் பெயரில் இருக்கிறது.

ஈ.சி., அதாவது வில்லங்கச் சான்று, 1987 முதல் இன்றுவரை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதில் 2003 பாகப்பிரிவினையும், 2011-ல் வங்கிக்கு உரிமை ஆவணங்களை ஒப்படைத்துக் கடன் வாங்கிய பதிவும் இருக்கின்றன. கடன் கட்டி முடித்தாயிற்று என்று வங்கிக் கடிதம் ஒன்றைக் காட்டினார்கள்.

எனக்கு இருக்கும் சந்தேகங்கள்:

1968 பத்திரத்தில் "20 அடி ரோட்டுக்கு மேற்கு" என்று இருக்கிறது. ஆனால் நேரில் ரோடு வீட்டுக்குக் கிழக்கே இருக்கிறது. வேறு சொத்தின் பத்திரத்தைக் காட்டுகிறார்களோ?

பத்திரத்தில் கிழமேல் 65 அடி, தென்வடல் 40 அடி, ஆக 2600 சதுர அடி. டவுன் சர்வே பதிவேட்டில் 223 சதுர மீட்டர்தான் வருகிறது. ஏன் இந்த வித்தியாசம்?

1968 அசல் பத்திரம் "வீட்டில்தான் எங்கேயோ இருக்கு, தேடித் தருகிறோம்" என்கிறார்கள். அதை நம்பி அட்வான்ஸ் கொடுக்கலாமா?

ரயில்வே காலனி:

லோன் போட்டுத்தானே வாங்கப் போகிறீர்கள்? வங்கியின் வக்கீலே எல்லாவற்றையும் பார்த்துவிடுவார். பாகப்பிரிவினை பதிவாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, பட்டாவும் இருக்கிறது. சார்பதிவாளரும் பார்க்காமல் பதிய மாட்டார். ரொம்பத் தோண்டினால் நல்ல வீடு கை நழுவிப் போய்விடும். நான் அப்படித்தான் வாங்கினேன், இதுவரை ஒரு பிரச்சினையும் இல்லை.

வக்கீல் குமாஸ்தா:

தம்பி, அட்வான்ஸை இப்போது கொடுக்காதீர்கள். நான் மதுரைக் கோர்ட் வட்டாரத்தில் வக்கீல் ஆபீஸ்களில் குமாஸ்தாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சொத்துப் பத்திரம் படிப்பதுதான் என் பிழைப்பாகவே இருந்தது. நீங்கள் கேட்ட மூன்றையும்விட, கேட்காத ஒன்று எனக்கு உறுத்துகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் திசை. பயப்பட வேண்டாம், அது சரியான பத்திரம்தான். நம் பத்திரங்களில் எல்லை எழுதும் முறை அப்படி. "ரோட்டுக்கு மேற்கு" என்றால் ரோடு மேற்கே இருக்கிறது என்று பொருளில்லை. ரோட்டுக்கு மேற்கே நம் சொத்து இருக்கிறது, அதாவது நமக்குக் கிழக்கே ரோடு. நான்கு எல்லையையும் சொல்லிவிட்டு "இதன் மத்தியில்" என்று முடித்திருப்பார்கள், பாருங்கள். மற்ற மூன்று எல்லைகளையும் இப்படியே படித்து, பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். அக்கம்பக்கத்தில் பெயர்கள் மாறியிருக்கும். அந்தக் காலத்தில் அது யார் வீடு என்று தெருவில் இருக்கும் பெரியவர் யாராவது சொல்லிவிடுவார்.

அடுத்து அளவு. 223 சதுர மீட்டர் என்றால் 2400 சதுர அடி. தென்வடல் 40 அடி மாறாமல் இருந்தால், கிழமேல் 65 அடி 60 ஆகியிருக்கிறது. கிழக்கே இருப்பது ரோடு. ஆகவே ரோட்டை அகலப்படுத்தியபோது ஐந்து அடி போயிருக்கலாம் என்பது என் கணக்கு. டேப் வைத்துப் பின்சுவரிலிருந்து முன் காம்பவுண்டு வரை அளந்து பாருங்கள். 60 வந்தால் ரோட்டில்தான் போயிருக்கிறது. 65 வந்தால் முன்னால் ஐந்து அடி இன்று உங்கள் காம்பவுண்டுக்குள் இருந்தாலும் பதிவேட்டில் அது ரோடு, நாளைக்கு மாநகராட்சி கேட்கும். எப்படி இருந்தாலும் 2400-க்குத்தான் விலை பேச வேண்டும், உங்கள் பத்திரத்திலும் இன்றைய அளவைத்தான் எழுத வேண்டும். பழைய பத்திரத்தைப் பார்த்து 2600 என்று எழுதினால் நிலத்தில் இல்லாத 200 சதுர அடிக்கு முத்திரைத் தீர்வை கட்டுவீர்கள். பழைய சர்வே எண்ணும் இன்றைய டி.எஸ். (டவுன் சர்வே) எண்ணும் ஒரே இடம்தான் என்பதற்குத் தாலுகா ஆபீஸில் எழுத்தில் வாங்குங்கள். சொத்து விவரத்தில் பழைய எண், புது எண், கதவு எண் எல்லாம் வர வேண்டும்.

ஈ.சி. விஷயத்துக்கு வருவோம். "கிளியர்" என்ற சொல்லை யார் சொன்னாலும் எந்த வருடத்திலிருந்து என்று கேளுங்கள். 1968-ல் வாங்கிய சொத்துக்கு 1987-லிருந்து போட்டால் நடுவில் பத்தொன்பது வருடம் இருட்டு. அந்தக் காலத்தில் தாத்தா ஒரு பகுதியை விற்றிருக்கலாம், அடமானம் வைத்திருக்கலாம். எந்த வருடத்திலிருந்து ஆன்லைனில் கிடைக்கிறது என்று பாருங்கள். அதற்கு முந்தியதற்கு சார்பதிவகத்தில் மனு போட்டுக் கையால் தேடச் சொல்ல வேண்டும். அந்தத் தெரு முன்பு வேறு சார்பதிவக எல்லையில் இருந்திருந்தால் அங்கேயும் போட வேண்டும். பழைய சர்வே எண்ணுக்கு ஒன்று, டி.எஸ். எண்ணுக்கு ஒன்று. ஈ.சி.யில் "முந்தைய ஆவண எண்" என்று ஒரு கட்டம் இருக்கும். கடைசிப் பதிவிலிருந்து அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டே பின்னால் போங்கள், 1968-ல் போய் முட்ட வேண்டும்.

ஈ.சி.யில் வராதவையும் உண்டு. உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. பதிவு செய்தாலும் அது வேறு புத்தகத்தில் ஏறும். பதியாத ஒப்பந்தம் வராது. கோர்ட்டில் பாக வழக்கு நடந்துகொண்டிருந்தாலும் ஈ.சி.யை மட்டும் பார்த்து அதைத் தெரிந்துகொள்ள முடியாது. ஈ-கோர்ட்ஸ் தளத்தில் தாத்தா பெயர், இரண்டு மகன்கள் பெயர், எல்லாவற்றையும் போட்டுத் தேடிப் பாருங்கள்.

ரயில்வே காலனி சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை, சொல்லியே ஆக வேண்டும். வங்கி வக்கீல் வங்கியின் பணத்துக்காகப் பார்க்கிறார். நீங்கள் போடும் கைப்பணத்துக்குக் காவல் நீங்கள்தான். பட்டா வருவாய்த் துறையின் பதிவு, அது மட்டுமே உரிமையைத் தந்துவிடாது என்று கோர்ட்டுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. சார்பதிவாளர் விஷயமும் அப்படித்தான். 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டுப் பதிவு விதி 55-ஏ பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: எழுதிக் கொடுப்பவருக்கு அந்தச் சொத்தில் உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது பதிவு அதிகாரியின் வேலை அல்ல. பதிவு ஆகிவிட்டது என்பதால் உரிமை வந்துவிட்டது என்று ஆகாது.

இப்போது எனக்கு உறுத்திய விஷயம். 2003 பாகப்பிரிவினையின் முதல் பக்கத்தில், இரண்டு மகன்களும் தங்களை எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்து அப்படியே இங்கே எழுதுங்கள். தாத்தாவின் வாரிசுச் சான்று இருக்கிறதா என்றும் கேளுங்கள். கொடுத்த சான்று மூத்தவருக்கு உள்ளதுதானே, 1994-ல் இறந்தவருக்கு உள்ளது இல்லையே?

பழங்காநத்தம்வாசி:

அண்ணே, ரொம்ப நன்றி. டேப் பிடித்துப் பார்த்தேன், சரியாக 60 அடிதான். எதிர்வீட்டுப் பெரியவரும் எண்பதுகளில் ரோடு போட்டபோது எல்லா வீட்டு முன்திண்ணையும் போனது என்றார்.

பாகப்பிரிவினையில் இருப்பது இதுதான்: "நம் தகப்பனார் சுயார்ஜிதமாகக் கிரையம் பெற்று ஆண்டு அனுபவித்து வந்து காலமாகிவிட்டபடியால், அன்னாரது ஆண் மக்களாகிய நாம் இருவரும்..." தாத்தாவின் வாரிசுச் சான்று எடுக்கவே இல்லையாம்.

வக்கீல் குமாஸ்தா:

அந்த "ஆண் மக்களாகிய நாம் இருவரும்" என்ற இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. இரண்டே பிள்ளைகள் என்றால் "மக்களாகிய நாம் இருவரும்" என்று எழுதியிருப்பார்கள். "ஆண் மக்கள்" என்று எழுதுபவர் மனத்தில் பெண் மக்களும் இருக்கிறார்கள். விற்பவரிடம் நேராகக் கேளுங்கள்: "உங்களுக்கு அத்தை இருக்கிறார்களா?"

பத்திரத்தில் இருக்கும் பெயர்களை எல்லோரும் படிப்பார்கள். இருக்க வேண்டியும் இல்லாத பெயரைத் தேடுவதுதான் வாங்குபவர் செய்ய வேண்டிய வேலை. ஒவ்வொரு சாவிலும் நின்று, அன்றைக்கு இவருக்கு யார் யார் வாரிசு, அத்தனை பேரும் அடுத்த பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டே வாருங்கள்.

அத்தை இருந்தால் சட்டம் இப்படி. பெண்ணுக்குச் சொத்து 2005-க்கு அப்புறம்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது பூர்வீகச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமை பற்றியது. தமிழ்நாட்டில் அதுவே 1989 மார்ச்சில் வந்துவிட்டது. இந்த வீட்டுக்கு அந்தச் சட்டங்கள் தேவையே இல்லை. தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கினார், உயில் எழுதாமல் இறந்தார். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-வது பிரிவுப்படி மனைவி, மகன்கள், மகள் எல்லோருக்கும் அன்றைக்கே சம பங்கு. பாட்டியின் பங்கு 2001-ல் மூன்று பிள்ளைகளுக்கும் போயிற்று. ஆகவே அத்தை ஒருவர் இருந்தால் அவருக்கு மூன்றில் ஒன்று.

"குடியிருக்கும் வீட்டில் பெண் பாகம் கேட்க முடியாதே" என்று யாராவது சொல்வார்கள். பழைய 23-வது பிரிவு அது. ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ளும்வரை பெண் பாகம் பிரிக்கக் கேட்க முடியாது என்றுதான் அது சொன்னது, பங்கே இல்லை என்று சொல்லவில்லை. 2005 செப்டம்பர் 9 முதல் அந்தப் பிரிவே இல்லை. நகை போட்டுக் கட்டிக்கொடுத்தோம், சீர் செய்தோம் என்பதாலும் பங்கு போகாது. தான் கையெழுத்துப் போடாத பாகப்பிரிவினை அந்தப் பெண்ணைக் கட்டுப்படுத்தாது.

இத்தனை வருடம் கேட்கவில்லையே என்று எதிர்வாதம் வைக்கலாம்தான். ஆனால் கூட்டு வாரிசுகளில் ஒருவர் அனுபவிப்பது எல்லோருக்காகவும் அனுபவிப்பதாகவே முதலில் கொள்ளப்படும். மற்றவரை வெளிப்படையாக விலக்கி வைத்து 12 வருடம் ஆண்டதை நிரூபிப்பது சுலபம் இல்லை. அந்த வாதத்தை நடத்தும் சுமை 62 லட்சம் கொடுத்த உங்கள் தலையில் விழக் கூடாது.

பழங்காநத்தம்வாசி:

அத்தை இருக்கிறார்கள் அண்ணே. திண்டுக்கல்லில். விற்பவர் முகமே மாறிவிட்டது. "அவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க, கல்யாணத்துல முப்பது பவுன் போட்டோம்" என்றார். புரோக்கர் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு வெள்ளைப் பேப்பர்ல ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்து வாங்கித் தர்றேன், இதைப் பெருசாக்காதீங்க" என்கிறார். அது போதுமா?

மூத்த மகள்:

தம்பி, நான் இங்கே வழக்கமாக எழுதுவதில்லை, வாசிப்பதோடு சரி. இதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நானும் அப்படி விடப்பட்ட மகள்தான். எங்கள் அப்பாவின் வீட்டை என் தம்பிகள் பிரித்துக்கொண்டது எனக்குத் தெரியாது. வருடங்கள் கழித்து ஒரு புரோக்கர் சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் வந்து, எழுதி வைத்த பேப்பரை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்து மட்டும்மா" என்றார். பக்கத்தை முழுசாகக்கூடக் காட்டவில்லை. நான் போடவில்லை. பணத்துக்காக அல்ல, நான் அந்த வீட்டில் பிறந்தவள் என்பதைக்கூட ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதற்காக.

அப்புறம் வாங்குகிறவர்களே, கணவனும் மனைவியுமாக, என் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். எல்லாப் பத்திரத்தையும் மேஜை மேல் வைத்து, "உங்களுக்கும் பங்கு இருக்கிறதம்மா, அதைத் தெரிந்துகொண்டு நீங்கள் முடிவு சொல்லுங்கள்" என்றார்கள். என் தம்பி தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அன்றைக்கே சரி என்று சொல்லிவிட்டேன். என் பங்கில் பாதியை நானே அவன் மகளின் படிப்புக்குக் கொடுத்தேன். அது என் விருப்பம், என் கையால் கொடுத்தது.

அந்த அம்மாவிடம் புரோக்கரை அனுப்பாதீர்கள். விற்பவரைக் கூட்டிக்கொண்டு நீங்களே போங்கள். அவரவர் பங்கு எவ்வளவு என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

வக்கீல் குமாஸ்தா:

அம்மா சொன்னதற்கு மேல் அந்த விஷயத்தில் நான் சொல்ல எதுவும் இல்லை.

வெள்ளைப் பேப்பர் போதாது தம்பி. அசையாச் சொத்தில் இருக்கும் பங்கு பதியாத காகிதத்தில் கைமாறாது. நாளை அவர் பிள்ளைகள் வழக்குப் போட்டால் அதைக் கோர்ட்டில் நீட்டிப் பயனில்லை. ஒரு வழி, தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக அவர் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பது. ஆனால் அண்ணன் உயிரோடு இல்லை, அண்ணன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எழுத வேண்டும். உறவைப் பொறுத்துத் தீர்வை மாறும், செலவு கூடலாம். அதைவிட, உங்கள் கிரையப் பத்திரத்திலேயே அவரையும் எழுதிக் கொடுப்பவர்களில் ஒருவராகச் சேர்த்துவிடுங்கள். அவர் பங்குத் தொகை அவர் பெயரில் தனியாக வங்கி வழியே போகட்டும், அந்த விவரம் பத்திரத்தில் ஏறட்டும். இளைய மகனையும் விடாதீர்கள். 2003 பாகப்பிரிவினையை நம்பித்தான் அவர் காலி மனையை எடுத்துக்கொண்டார். நாளை அது ஆட்டம் கண்டால் இந்த வீட்டில் பங்கு கேட்க அவருக்கும் வழி வரும். சம்மதிக்கும் கட்சியாக அவரும் கையெழுத்துப் போட வேண்டும். தாத்தாவின் வாரிசுச் சான்றைத் தாசில்தாரிடம் எடுக்கச் சொல்லுங்கள். இன்னும் ஒரு மகள் இருந்து இறந்திருந்தால் அவர் பிள்ளைகளும் வருவார்கள்.

அசல் பத்திரம் எங்கே என்பதற்குக் காகிதங்களிலேயே தடம் இருக்கும். பாகப்பிரிவினையின் கடைசிப் பக்கங்களில் அசல் தாய்ப் பத்திரம் யார் வசம் இருக்கும் என்று எழுதியிருப்பார்கள். 2011 வங்கிப் பதிவின் சான்றிட்ட நகலை மனு போட்டு வாங்குங்கள். வங்கியில் ஒப்படைத்த ஆவணங்களின் பட்டியல் அதில் வரிசையாக இருக்கும். அந்தப் பட்டியலில் 1968 அசல் இருந்தால், கடன் முடிந்ததும் வங்கி திருப்பிக் கொடுத்திருக்கும், கையெழுத்து வாங்கியிருக்கும். அதற்கு அப்புறம் அது எங்கே போனது என்று கேட்க வேண்டும். அசலை வைத்துத் தனியாரிடம் கைமாற்று வாங்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. உண்மையிலேயே தொலைந்திருந்தால் போலீஸ் புகார், கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்று, பத்திரிகை விளம்பரம் எல்லாம் விற்பவர் செலவில் நடக்கட்டும். விளம்பரத்துக்குப் பதில் வராமல் கொஞ்ச நாள் கழிந்த பின்தான் பணம்.

வங்கிக் கடிதம் மட்டும் இருந்தால் ஈ.சி.யில் அந்தக் கடன் அப்படியே நிற்கும். கடன் தீர்ந்தது என்று வங்கி அதிகாரி ரசீது ஆவணம் எழுதிக் கொடுத்து அது பதிவாக வேண்டும்.

ஜூராங்:

சிங்கப்பூர் மகள் விஷயம் யாரும் சொல்லவில்லை. வர முடியாவிட்டால் தனக்காகக் கையெழுத்துப் போட வேறொருவருக்குப் பவர் (அதிகாரப் பத்திரம்) கொடுக்கலாம். இங்கே சிங்கப்பூரில் இந்திய ஹைகமிஷனுக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போடலாம். ஊருக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் காட்டி முத்திரைத் தீர்வை கட்டிவிடுங்கள். பவரில் சொத்து விவரம் முழுசாக, 60-க்கு 40 என்ற புது அளவோடு இருக்கட்டும். பழைய 65 அடியைப் போட்டு அனுப்பினால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். என் சித்தப்பா சொத்து விற்றபோது இப்படித்தான் அலைந்தோம்.

பழங்காநத்தம்வாசி:

ஞாயிற்றுக்கிழமை நானும் வீட்டுக்காரியும் விற்பவரோடு திண்டுக்கல் போய் வந்தோம். அத்தை தன் அப்பா வீட்டுப் பத்திரத்தை இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறேன் என்று ஒவ்வொரு பக்கமாகத் தடவிப் படித்தார்கள். கையெழுத்துப் போடச் சம்மதம். பங்கு எவ்வளவு என்பதை அவர்கள் குடும்பத்துக்குள் பேசிக்கொண்டு சொல்கிறார்கள். பாகப்பிரிவினையின் கடைசிப் பக்கத்தில் அசல் பத்திரம் இளையவர் வசம் என்று இருந்தது. அவர் பீரோவிலேயே இருந்ததாம், போனில் படம் அனுப்பினார். விலையும் 2400 சதுர அடிக்கு மறுபடி பேசப் போகிறோம். இனி அட்வான்ஸ் கொடுக்கலாமா அண்ணே?

வக்கீல் குமாஸ்தா:

சந்தோஷம் தம்பி. படம் போதாது, அசலைக் கையில் வாங்கிப் பக்கம் பக்கமாகப் பாருங்கள். பின்பக்கப் பதிவு முத்திரை, ஆவண எண், எல்லாம் சார்பதிவகத்தில் வாங்கும் சான்றிட்ட நகலோடு ஒத்துப்போக வேண்டும். அசல் இளையவரிடமே இருந்தது என்றால் 2011-ல் வங்கி எதை வாங்கி வைத்தது என்ற கேள்வி வருகிறது. பாகப்பிரிவினை அசலை மட்டும் வைத்திருக்கலாம், அந்தப் பட்டியலைப் பார்த்தால் தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் விடாதீர்கள்.

அது சரியாக இருந்தால் ஒப்பந்தம் போடலாம். தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும், ஸ்டாம்பு பேப்பரில் எழுதிப் பையில் வைத்துக்கொள்வது ஆகாது. அத்தை உட்பட எல்லோரும் அதிலேயே கையெழுத்துப் போடட்டும். வங்கி ரசீது பதிவாவது, தாத்தாவின் வாரிசுச் சான்று, சிங்கப்பூர் பவர், இந்த மூன்றும் வந்த பிறகே கிரையம் என்றும், வராவிட்டால் அட்வான்ஸ் திரும்பும் என்றும் எழுதுங்கள். விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டியது வாங்குபவர் பொறுப்பு, ஆடிட்டரிடம் கேட்டு விற்பவர் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாகக் கட்டுங்கள்; சிங்கப்பூர் மகள் வரிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அவர் பங்குக்கு இந்த 1 சதவீதம் பொருந்தாது, அதைத் தனியாகக் கேளுங்கள். ரசீது பதிவானதும் ஈ.சி. மறுபடி போடுங்கள், கிரையம் பதியும் நாள் காலையில் இன்னொரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு வீட்டிலிருந்து கிளம்புங்கள்.